காந்தம் ஒட்டாத வளையம்

ரத்தம் ஒழுகும் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் உயிர் நண்பரை, பட்டறை நடுவில், எல்லோர் கண்முன்னும் என் அண்ணன் செவிட்டில் அறைந்தான். அறை விழுந்த வேகத்தில் அந்த மனிதர் பக்கத்திலிருந்த லேத்தின் மீது சாய்ந்தார். தப்பு செய்தது அவரில்லை, நான். அந்த நிமிடம் அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. பதினெட்டு நாள் திறக்கவில்லை.

அண்ணனின் பட்டறை கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாசலில் ஒரு புங்கமரம். சுற்றுவட்டத் தொழிற்சாலைகளில் பம்பு பழுதானால் அதன் தண்டு இங்கே வரும். பட்டறை அண்ணன் பெயரில் இருந்தாலும் அதன் கைகள் நண்பருடையவை. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஐ.டி.ஐ.யில் ஒரே பேட்ச். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவரை அண்ணே என்பேன். இங்கே ஃபிட்டர் என்று எழுதுகிறேன். ஊரிலும் அவர் பெயர் அதுதான். தண்டைக் கையால் தடவியே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். அப்புறம் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அதையேதான் சொல்லும்.

நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலைப் பிடித்துப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பும் ஜாதி. நிக்கலில் டங்ஸ்டனைச் சேர்த்தால் சூட்டில் அது எவ்வளவு விரிகிறது என்பது என் வேலை. கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு மீட்டர் நிக்கலை ஒரு டிகிரி சூடாக்கினால் பத்து லட்சத்தில் பதின்மூன்று பங்கு நீளும். டங்ஸ்டன் பிடிவாதக்காரி, நாலரையோடு சரி. இரண்டையும் உருக்கிக் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். எத்தனை டங்ஸ்டன் போடுகிறோமோ அத்தனை அடங்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. நிக்கல் காந்தத்தில் ஒட்டும். முந்நூற்றைம்பது டிகிரி சொச்சத்தில் அந்தக் குணம் செத்துவிடும். விரிவைக் காட்டும் கோட்டில் சரியாக அந்த இடத்தில் ஒரு சின்ன முண்டு தெரியும். டங்ஸ்டனைக் கூட்டக் கூட்ட அந்தச் சாவு முன்னாலேயே வந்துவிடும். எடையில் நாலில் ஒரு பங்கு டங்ஸ்டன் ஆகும்போது அறையின் சாதாரணக் குளிர்ச்சியிலேயே அது பிணம். அப்புறம் காந்தத்தைக் கொண்டுபோய் மேலே வைத்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. ஆய்வகத்தில் முதல் தடவை அதைப் பார்த்தபோது கைதட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த ஆர்வம்தான் ஒரு மனிதரின் கையை உடைத்தது.

பம்புத் தண்டு கார்பன் எஃகு. அது தேயாமலிருக்க, மேலே துருப்பிடிக்காத எஃகில் ஒரு குட்டிக் குழாய் மாட்டுவார்கள். அதற்கு ஸ்லீவ் என்று பெயர். ஸ்லீவின் துளையைத் தண்டைவிட ஒரு தலைமுடி அளவு சின்னதாகவே கடைவார்கள். குளிர்ச்சியாக இருக்கும்போது உள்ளே போகாது. கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுத்தால் துளை விரியும். விரிந்த அந்த நாலு விநாடிக்குள் தண்டின் மேல் தள்ளிவிட வேண்டும். ஆறும்போது அது சுருங்கித் தண்டைக் கடிக்கும். பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள்: ‘நல்லா கடிச்சிக்கிச்சு.’ ஒரு தடவை கடித்துவிட்டால் யானையே வந்தாலும் விடாது.

சிக்கல் என்னவென்றால், சூடான திரவம் ஓடும் பம்புகளில் இந்தக் கடி தளர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு பதினேழு விரியும், கார்பன் எஃகு பன்னிரண்டுதான். சூடேற ஏற ஸ்லீவ் தண்டை விட்டு விலகிச் சுழலும், ஒழுகும். அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தொழிற்சாலை இன்ஜினியரைத் திட்டுவான், இன்ஜினியர் போனில் அவனைத் திட்டுவார். எனக்கு மூளையில் பளிச்சென்று அடித்தது. நாலில் ஒரு பங்கு டங்ஸ்டன் சேர்த்த என் நிக்கல், விரிவில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வரும். தண்டும் ஸ்லீவும் ஒரே அளவில் விரிந்தால் கடி எந்தச் சூட்டிலும் தளராது!

வழிகாட்டியிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. செய்து காட்டி அசத்த வேண்டும் என்ற வெறி. ஆய்வுக்கு வார்த்த கட்டியில் மிச்சமிருந்த ஒரு துண்டைச் சிதம்பரத்திலேயே ஒரு லேத்தில் கொடுத்து, அண்ணன் பட்டறை ஸ்லீவின் அதே அளவுக்குக் கடைந்து வாங்கினேன். உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், எல்லாம் அச்சு அசல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே சந்தேகம் வரும். அதனால் என்னுடையதில் கறுப்பு மார்க்கர் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். சனிக்கிழமை பட்டறைக்குப் போனபோது யாரும் இல்லை, அண்ணனும் ஃபிட்டரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பஸ் வருகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வளையத்தை அலமாரியில், மற்ற ஸ்லீவுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். திங்கட்கிழமை மறந்தே போனேன்.

ஆய்வகத்தில் நாங்கள் எல்லாவற்றிலும் பேனாவால் எழுதுவோம். பட்டறையில் யாரும் பேனாவால் எழுதுவதில்லை. அங்கே பஞ்சு என்ற எழுத்துளியால் அளவை உலோகத்தில் அடித்துப் பதிப்பார்கள். ஏனென்றால் அளப்பதற்கு முன் எந்தப் பொருளையும் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைப்பது பழக்கம். பேனா மை ஒரே துடைப்பில் போய்விடும். லேத்தைப் பார்த்து வளர்ந்த வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாதா? தெரியும். அன்று தோன்றவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணி வாக்கில் ரயிலை விட்டு பஸ்ஸில் வந்து பட்டறை முன்னால் இறங்கினேன். உள்ளே நுழையும் முன்பே உலோகம் உலோகத்தை அடிக்கும் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு பெரிய பம்புத் தண்டை இரண்டு மரக்கட்டைகள் மேல் கிடத்தியிருந்தார்கள். ஸ்லீவ் பாதி வழியில் சிக்கியிருந்தது. ஃபிட்டர் செம்புச் சுத்தியால் அதை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டி புகைந்தது. அண்ணன் முகமெல்லாம் வியர்வை.

“இன்னா மச்சான் பண்ணி வச்சிருக்க? ஆயிரம் ஸ்லீவு மாட்டின கை!”

“எண்ணெய் சூடு எப்பவும் போடற சூடுதான்டா. வழக்கமா வழுக்கினு போவும். இது பாதிலயே கடிச்சிக்கிச்சு.”

“சூடு பத்தல. நீ போனு பேசிக்கினு இருந்த.”

“யாரு, நானா? தெர்மாமீட்டர் அங்கதான தொங்குது, பார்றா.”

“வாயி மட்டும் ஜாஸ்தி.”

நான் அலமாரியைப் பார்த்தேன். அளவு பதித்த ஸ்லீவ் அங்கேயே இருந்தது. என்னுடையது இல்லை.

ஒரே எண்ணெய், ஒரே சூடு. எஃகு ஸ்லீவ் பதினேழு விரிந்திருக்கும். என்னுடையது பன்னிரண்டுதான் விரிந்திருக்கும். தண்டுக்கும் அதற்கும் நடுவில் காற்று நுழையக்கூட இடம் இருந்திருக்காது. குளிர்ந்த தண்டைத் தொட்டதும் சுருங்கி, பாதி வழியில் பல்லைப் பதித்துவிட்டது. எதற்காக அந்த வளையத்தைக் கடைந்தேனோ அந்தக் குணமே அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தது.

“அண்ணா, அது...” என்றேன்.

“நகுரு! அந்தாண்ட போ!”

அதற்குள் புல்லரை மாட்டிவிட்டார்கள். மூன்று கால் உள்ள பிடி அது. கால்களை ஸ்லீவின் பின்பக்கம் கொக்கிபோல் போட்டு, நடுத்திருகைத் திருகினால் ஸ்லீவை இழுத்துக் கழற்றும். அண்ணன் திருகில் ஒரு நீளக் குழாயைச் செருகி உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதில் போட்டான். தண்டு முனகியது. ஃபிட்டர் ஒரு கால் நழுவாமல் இருக்க அதைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். இன்னும் ஒரு திருகு. இன்னும் அரைத் திருகு. அந்த நொடியில் “நிறுத்துங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் சொன்னபடி நகர்ந்து நின்றேன்.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். புல்லரின் கால் உடைந்து தெறித்தது. ஃபிட்டரின் வலது முன்கையில் அடித்து, அதற்கப்பாலும் போய்ச் சுவரில் காரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அவர் கத்தவில்லை. கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது.

குழாய் விடுபட்ட வேகத்தில் அண்ணனும் தரையில் விழுந்திருந்தான். எழுந்தவன் கண்ணில் நண்பரின் கை படவில்லை, தண்டுதான் பட்டது. புல்லர் இழுத்த இழுப்பில் அதன் மேல் ஆழமாக ஒரு கீறல். ஒரு தொழிற்சாலை முழுக்க அந்தத் தண்டுக்காகக் காத்திருந்தது. அண்ணன் திரும்பினான், அறைந்தான்.

“நாசமாக்கிட்டியேடா!”

மருத்துவமனைக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப்போனவள் நான். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். கெடிலம் பாலத்தில் ஆட்டோ குலுங்கியபோது மட்டும் சொன்னார்:

“அவன் கை ஓங்கினத நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, பாப்பா.”

எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்தார்கள்.

அப்புறம் சிதம்பரத்துக்குப் போய் ஒளிந்துகொண்டேன். காலை ரயிலில் போய் ஆய்வகத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். அதே கட்டியிலிருந்து வெட்டிய சிறு தண்டு ஒன்று, விரலில் பாதி நீளம், விரிவை அளக்கும் கருவிக்குள் படுத்திருந்தது. உலை மெல்லச் சூடேறும். தண்டு ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி தள்ளும் தூரத்தைக் கணினி கோடாக வரையும். மற்ற நாட்களில் அந்தக் கோட்டைப் பார்ப்பதே திருவிழா. இப்போது கோடு மேலே ஏறுவதைப் பார்க்கையில் புல்லரின் திருகு ஏறுவதுபோலிருந்தது. முண்டு எதுவும் இல்லாத, சுத்தமான, நேரான கோடு. எண்ணெய்ச் சட்டியின் சூட்டில் துளை எவ்வளவு விரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். எஃகுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு தலைமுடியில் பாதி. அந்தப் பாதி முடிதான் எலும்பை இரண்டு இடத்தில் முறித்திருக்கிறது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை.

ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அண்ணன் அடிப்பானென்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிட மோசமான ஒன்று. ‘படிச்ச புள்ள’ என்று அந்தப் பட்டறை எனக்குக் கொடுத்திருந்த மரியாதை. அதைத் தொலைக்க மனசு வரவில்லை.

பதினேழாம் நாள் வீட்டில் சாப்பிடும்போது அண்ணன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். “ஆமா சார், சரக்கு அடிச்சிட்டு வேலைக்கு வந்துட்டான். இல்லன்னா அந்தக் கைக்கு இப்பிடி ஆவுமா? வெளிய அனுப்பிட்டேன் சார். இனிமே நம்ம பட்டறைல இப்பிடி நடக்காது.”

ஃபிட்டர் குடிக்க மாட்டார். அவருடைய அப்பா குடித்தே செத்தவர். கல்யாண வீட்டில்கூடக் குடிக்கும் கூட்டத்தை விட்டு நேராக இலையில் போய் உட்கார்ந்துவிடுவார் என்று அண்ணனே கிண்டல் செய்வான்.

“எதுக்குண்ணா பொய் சொல்ற?”

“இன்ஜினியர் கேக்கறாரு, இன்னா ஆச்சுன்னு. இன்னா சொல்றது? எங்களுக்கு வேல தெரியாதுன்னு சொல்லவா? வேலையே வராது.”

“இன்னும் யார்கிட்டல்லாம் சொன்ன?”

“எல்லாரும்தான் கேக்கறாங்க. நாலஞ்சு பட்டறைல சொல்லியிருக்கேன். இப்ப இன்னா அதுக்கு?”

“கை சரியானா அவரு எங்க வேலைக்குப் போவாரு?”

தட்டைச் சுவரில் விட்டெறிந்தான். குழம்பு வழிந்து நாள்காட்டியை நனைத்தது. அம்மா துடைப்பத்தோடு வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கூட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் ரயிலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் ஃபிட்டரின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வாம்மா, காப்பி போடறேன்” என்றார். காப்பி வருவதற்குள் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, மூச்சுவிடாமல், வளையத்திலிருந்து மடித்து வைத்த தாள்வரை.

ஃபிட்டர் நல்ல கையை விரித்து, அதில் எதையோ எடை பார்ப்பதுபோல் அசைத்தார்.

“கனமா இருந்துச்சு” என்றார். “கைல எடுத்ததும் தெரிஞ்சிச்சு. மச்சான், இது கனமா கீது, பஞ்சு வேற அடிக்கல, வேற மெட்டலா இருக்கப்போவுதுன்னேன். அவன் பாக்கெட்லேர்ந்து காந்தத்த எடுத்து வச்சான். ஒட்டல. ‘ஒட்டல பாரு, எஸ்.எஸ்.தான், போடு’ன்னான். ஒட்டலன்னா எஸ்.எஸ்.தான? இருவது வருசமா அப்பிடித்தான பாக்கறோம்.”

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்ற வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. நான்தான் கொண்டுவந்து வைத்தேன்.

காப்பி டம்ளர் என் தோளில் பட்டுத் தெறித்தது. அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“பதினெட்டு நாளு! எம்புருசன் குடிகாரன்னு தெருவே பேசுது. காய்கறிக்காரிகூட கேக்கறா. நீ தெரிஞ்சிக்கினே ரயிலேறிப் போயி வந்துக்கினு இருந்தியா?” தலைமயிரைப் பிடித்துவிட்டார். இழுத்த இழுப்பில் முட்டிபோட்டு விழுந்தேன். “சொல்றி! இத இங்க வந்து சொல்லி இன்னா ஆவும்? எங்க சொல்லணுமோ அங்க வந்து சொல்லு!”

“உடு, உடுடி அவள” என்று ஃபிட்டர் எழுந்தார்.

விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போய், ஷேர் ஆட்டோவில் திணித்து, தானும் ஏறினார். ஃபிட்டர் ஓடிவந்து முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுநகர்வரைக்கும் அவர் மனைவி என் மணிக்கட்டை விடவில்லை. தோள் எரிந்தது. மடியில் காப்பிக் கறை.

பட்டறையில் அண்ணன் லேத்தில் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினான். தண்டிலிருந்து அறுத்து எடுத்த என் வளையத்தின் இரண்டு பாதிகள் பழைய இரும்புக் குவியலில் கிடந்தன. அவற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“அண்ணா, இது உன் ஸ்லீவு இல்ல. நான் கொண்டாந்து வச்சது. நிக்கலும் டங்ஸ்டனும். அண்ணே சூடு சரியாதான் போட்டாரு. இது எஸ்.எஸ். அளவுக்கு விரியாது.”

“ஏய், இன்னா உளர்ற?” காந்தத்தை எடுத்து ஒரு பாதியில் வைத்தான். கையை எடுத்ததும் காந்தம் நழுவி மேசையில் விழுந்தது. “ஒட்டுதா? சொல்லு, ஒட்டுதா? எஸ்.எஸ்.!”

“ஒட்டாததெல்லாம் எஸ்.எஸ். இல்லண்ணா. டங்ஸ்டன் சேத்தா நிக்கல்ல காந்தம் செத்துடும். கைல எடுத்துப் பாரு. அதே அளவு எஸ்.எஸ். துண்டு ஒண்ணையும் எடு. கனம் தெரியும்.”

எடுத்துப் பார்த்தான். ஒரு கையில் அது, ஒரு கையில் இது. முகம் மாறுவதைப் பார்த்தேன். ஃபிட்டர் அன்று சொன்னது அவன் காதில் திரும்ப விழுந்திருக்க வேண்டும். புரிந்ததும் கோபம் குறையும் என்றுதான் நினைத்தேன். எகிறியது.

அடி என் கன்னத்தில் மட்டும் விழவில்லை, காதோடு சேர்த்து விழுந்தது. லேத்தின் சீவல் தட்டில் கையூன்றி விழுந்தேன். சுருள் சுருளாகக் கிடந்த எஃகுச் சீவல் உள்ளங்கையைக் கீறியது. இரண்டாவது தடவை அவன் கையை ஓங்கியபோது அது இறங்கவில்லை. ஃபிட்டர் நல்ல கையால் அவன் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துச் சுவரில் மோதினார். மோதிய வேகத்தில் அலமாரி சரிந்து ஸ்லீவுகள் தரையெங்கும் உருண்டன.

“அவள ஏன்டா அடிக்கற? நான் கனமா கீதுன்னு சொன்னன்ல? சொன்னனா இல்லியா?”

“விடு மச்சான்...”

“மச்சான்னு கூப்டாத. சொன்னனா இல்லியா?”

“சொன்ன.”

“குடிச்சிருந்தனா?”

அண்ணன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ஃபிட்டர் தலையால் அவன் மூக்கில் முட்டினார். ரத்தம் பொலபொலவென்று சட்டையில் கொட்டியது.

“குடிச்சிருந்தனா?”

“இல்ல.”

அப்போதுதான் பிடியை விட்டார். கட்டுப் போட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அண்ணன் அப்படியே சுவரில் சறுக்கி உட்கார்ந்தான். ஃபிட்டரின் மனைவி அதுவரை வாசலில்தான் நின்றிருந்தார், உள்ளே காலே வைக்கவில்லை.

“நாளைலேர்ந்து வா” என்றான் அண்ணன், மூக்கைப் பொத்திக்கொண்டு. “கை சரியாவற வரைக்கும் சும்மா உக்காந்திரு. வா.”

“உன் பட்டறைக்கு நான் வர்ல. யார்யார்கிட்ட நான் குடிச்சேன்னு சொன்னியோ, அத்தன பேருகிட்டயும் நீயே நேர்ல போயி சொல்லு. போன்ல இல்ல. நேர்ல.”

அவர்கள் போய்விட்டார்கள். நானும் அண்ணனும் தரையில் உருண்ட ஸ்லீவுகளைப் பொறுக்கினோம். கடைசியில், “வண்டில ஏறு” என்றான்.

அன்று மதியத்துக்கு மேல் ஐந்து பட்டறை. இன்ஜினியரை மறுநாள் பார்ப்பதாக ஏற்பாடு. மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு அவன் ஓட்ட, உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு நான் பின்னால். முதல் இடத்தில் அவன் சுற்றி வளைத்துப் பேசினான். “அன்னிக்கி ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்” என்றான். நான் இடுப்பில் குத்தினேன். “அவன் குடிக்கல. நான் பொய் சொன்னேன்” என்று திருத்திச் சொன்னான். இரண்டாவது இடத்தில் அதை நேராகவே சொன்னான். மூன்றாவது இடத்தில் முதலாளி இல்லை, வரும்வரை ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். நாலாவது இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “மூக்குல இன்னா தலைவா, மச்சான் வச்ச முத்தமா?” என்றார். அண்ணன் முஷ்டி இறுகியது. நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். “ஆமா, அவன் வச்சதுதான்” என்றான்.

ஐந்தாவது நெல்லிக்குப்பம் சாலையில். கரும்பு டிராக்டர்கள் வாசலில் வரிசையாக நின்றன. முதலாளி வயதில் அண்ணனைவிடப் பெரியவர், வேலையில் போட்டிக்காரர். ஒரு டிராக்டர் அச்சை வைத்துச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலேயே எல்லாவற்றையும் கேட்டார்.

“நீ சொன்ன அன்னிக்கே நான் நம்பல” என்றார். “ஆனா உன் மச்சான் வந்து கேட்டான், கை சரியானதும் வரட்டுமான்னு. யோசிக்கணும்னு அனுப்பிட்டேன். ஊரு பேசுதுல்ல.”

“வளையம் என்னோடது சார்” என்றேன். “அவரு அது கனமா இருக்குன்னு சொல்லியிருக்காரு. யாரும் கேக்கல.”

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணனின் மூக்கை.

“கையால தூக்கியே வேற மெட்டலுன்னு சொன்னானா?”

“சொன்னாரு.”

சுத்தியை அச்சின் மேல் வைத்தார். “ஒத்தக் கையோட இருந்தாலும் பரவால்ல. வர்ற திங்கக்கெழம வரச்சொல்லு. அளவு பாக்கட்டும்.”

அண்ணன் அசையாமல் நின்றான். இருபது வருஷத்துக் கைகள் நெல்லிக்குப்பம் சாலைக்குப் போவதை அவன் அங்கே நின்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

“நீங்களே கூப்ட்டு சொல்லிடுங்க” என்றான். “என் போன எடுக்க மாட்டான்.”